நீர் மூத்ததா, விண்மீன் மூத்ததா?



பொழுது புலர்வதற்கு முன்பே எழுந்து பெரட்டுக் களத்திற்கு நடந்து பழகிய குடும்பங்கள் நம்முடையவை. அந்த இருட்டு வேளையில் லயத்து வாசலில் நின்றால் இரண்டு காட்சிகள் கண்ணில் படும். குழாயடியில் வாளிகள் வரிசையாக இருக்கும். தலைக்கு மேலே, கித்தா மரங்களின் கிளைகளுக்கு இடையே, விண்மீன்கள் மின்னிக் கொண்டிருக்கும். தண்ணீர் பிடிக்க வந்த பிள்ளை ஒன்று கீழே வாளியையும் மேலே வானத்தையும் பார்த்துவிட்டு, "அம்மா, இந்தத் தண்ணி முதல்ல வந்ததா, அந்த நட்சத்திரம் முதல்ல வந்ததா?" என்று கேட்டுவிட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

"வேலையைப் பாரடா" என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அது அற்பமான கேள்வி அன்று. உலகின் பேரறிஞர்கள் ஏறக்குறைய 2,600 ஆண்டுகளாகக் கேட்டு வந்த கேள்வி அது. அதற்கு விடை காணச் சென்றவர்களின் கதையைத்தான் இன்றைய உரையில் நாம் வரலாற்று முறைப்படி காணப் போகிறோம்.

முதலில், நீரே எல்லாவற்றுக்கும் மூத்தது என்ற எண்ணம் மிகப் பழமையானது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்பு மிலீட்டஸ் என்னும் கிரேக்க நகரில் வாழ்ந்த தேலீஸ் என்ற அறிஞர், உலகப் பொருள்கள் அனைத்திற்கும் மூலம் நீரே என்றார். அவருக்குப் பின் வந்த அரிஸ்டாட்டில், நிலம், நீர், நெருப்பு, காற்று என்னும் நான்கினால் இவ்வுலகம் ஆனது என்ற கொள்கையை நிலைநாட்டினார். நம் முன்னோர் வானத்தையும் சேர்த்து ஐம்பூதம் என்றனர். கண்ணால் கண்டதைக் கொண்டு எண்ணிப் பார்த்தால், இவர்கள் சொன்னது நியாயமாகவே தோன்றும். விதை முளைக்க நீர் வேண்டும். உயிர் தரிக்க நீர் வேண்டும். நீரைப் பிரித்து வேறொன்றாக்கிக் காட்டியவர் எவரும் அந்நாளில் இல்லை. ஆகவே நீர் ஒரு மூலப்பொருள் என்ற நம்பிக்கை 18ஆம் நூற்றாண்டு வரையில் அசையாமல் நின்றது.

அந்த நம்பிக்கையை அசைத்தவர் ஹென்றி கேவண்டிஷ் என்னும் ஆங்கிலேயர். அவர் பெருஞ்செல்வர், மற்றவரோடு பேசக் கூசும் இயல்பினர். 1766ஆம் ஆண்டில், உலோகத்தின் மேல் அமிலத்தை ஊற்றும்போது வெளிவரும் ஒரு வாயுவை அவர் ஆராய்ந்து எழுதினார். அது தீப்பற்றி எரியக்கூடியது. காற்றைவிட மிகவும் இலேசானது. பின்னர் 1781ஆம் ஆண்டில் அவ்வாயுவைக் காற்றோடு கலந்து, கண்ணாடிப் பாத்திரத்தினுள் மின்பொறியால் கொளுத்தினார். பாத்திரத்தின் உட்புறம் பனி படர்ந்தாற்போல் ஈரம் படிந்தது. அந்த ஈரம் தூய தண்ணீர்!

இதன் பொருளைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் பிரெஞ்சு நாட்டு லவாசியே. நீர் ஒரு மூலப்பொருள் அன்று, இரண்டு வாயுக்கள் கூடிப் பிறந்த ஒரு சேர்மம் என்று 1783இல் அவர் அறிவித்தார். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குழாயினுள் நீராவியைச் செலுத்தி, நீரைப் பிரித்தும் காட்டினார். அந்த இலேசான வாயுவுக்கு ஹைட்ரஜன் என்ற பெயர் அப்போது வழங்கலாயிற்று. கிரேக்க மொழியில் 'நீரைப் பிறப்பிப்பது' என்பது அதன் பொருள். மற்றொன்று ஆக்சிஜன், நாம் பிராணவாயு என்று சொல்லி வந்தது அதுவே. 1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிக்கல்சன், கார்லைல் ஆகிய இருவர் மின்சாரத்தை நீரினுள் செலுத்தியபோது, அது இரண்டு பங்கு ஹைட்ரஜனாகவும் ஒரு பங்கு ஆக்சிஜனாகவும் பிரிந்து குமிழிகளாக வெளிவந்தது.

இங்கே நாம் சற்று நின்று ஒரு கணக்குப் பார்ப்போம். 9 லிட்டர் பிடிக்கும் ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பினால் அதன் எடை 9 கிலோகிராம். அதில் 1 கிலோ ஹைட்ரஜன். மீதி 8 கிலோ ஆக்சிஜன். அளவில் ஹைட்ரஜன் இரண்டு பங்காயினும் எடையில் ஆக்சிஜனே மிகுதி. இந்த ஒன்றையும் எட்டையும் மறந்துவிட வேண்டாம். கடைசியில் இந்த வாளியிடமே திரும்பி வருவோம்.

நீருக்குப் பெற்றோர் இருவர் என்று தெரிந்த பிறகு, பிள்ளையின் கேள்வி உருமாறுகிறது. நீர் எப்போது பிறந்தது என்று அறிய வேண்டுமானால், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எப்போது பிறந்தன என்று அறிய வேண்டும். அதற்கான விடை பூமியில் இல்லை, வானத்தில் இருக்கிறது. எட்டாத தொலைவிலுள்ள விண்மீனில் என்ன பொருள் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுப்படியில் நாம் அன்றாடம் காணும் ஒரு காட்சியே அதற்கு வழிகாட்டியது. உப்புப் போட்ட குழம்பு பொங்கி அடுப்புத் தீயில் விழுந்தால், சுடர் பளிச்சென்று மஞ்சளாக எரியும். உப்பிலுள்ள சோடியம் தரும் நிறம் அது. இவ்வாறே ஒவ்வொரு தனிமமும் சூடேறும்போது தனக்கே உரிய நிறக்கோடுகளைக் காட்டும். 1859ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானிய அறிஞர்களான கிர்க்காஃபும் புன்சனும் இந்த உண்மையை நிலைநாட்டினர். ஒளியை முப்பட்டைக் கண்ணாடியின் வழியே பிரித்து நிறமாலையாக்கினால், அதில் தெரியும் கோடுகள் அப்பொருளின் கைரேகை போன்றவை.

1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் ஒரு முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூருக்குப் பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் வந்து, சூரியனின் விளிம்பில் எழும் பிழம்புகளை ஆராய்ந்தார். அதே கிரகணத்தைக் காணச் சயாம் நாட்டு மன்னர் மோங்குட், தம் நாட்டின் தென்பகுதியிலுள்ள வாக்கோ என்னும் இடத்தில் கூடாரமிட்டார். சிங்கப்பூரிலிருந்து நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் ஹாரி ஆர்டும் அங்கே சென்றிருந்தார். அவ்வாண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் லாக்கியர் சூரிய ஒளியில் ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டார். அது சோடியத்தின் கோட்டுக்கு அருகில் இருந்தது, ஆனால் அதுவன்று. பூமியில் அதுவரை அறியப்படாத ஒரு தனிமத்தின் கோடு அது. சூரியனின் பெயரால் அதை ஹீலியம் என்று அழைத்தார்கள்.

இனி, நம் கதையில் ஒரு பெண்மணி வருகிறார். செசிலியா பெய்ன் என்பது அவர் பெயர். இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்தும், பெண் என்பதால் அந்நாளைய வழக்கப்படி முழுப் பட்டம் பெற இயலாதவர். அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்திற்குச் சென்று விண்மீன்களின் நிறமாலைகளை ஆராய்ந்தார். அதற்கு அவர் கையில் ஏந்திய கருவி ஓர் இந்தியரின் சமன்பாடு. 1920ஆம் ஆண்டில் வங்காளத்து அறிஞர் மேக்நாத் சாகா, எந்த வெப்பத்தில் எந்த அணு எவ்விதக் கோடுகளைக் காட்டும் என்று கணக்கிடும் வழியை வகுத்திருந்தார்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த செசிலியா பெய்ன் திகைத்தார். அக்காலத்து அறிஞர்கள், பூமி எப்பொருள்களால் ஆனதோ ஏறக்குறைய அதே பொருள்களால்தான் சூரியனும் ஆனது என்று நம்பியிருந்தனர். அவருடைய கணக்கோ, விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜனே, அடுத்தது ஹீலியமே என்று சொன்னது. ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் என்ற புகழ்பெற்ற பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, இது நடக்கவே முடியாதது என்றார். 25 வயதுப் பெண் என்ன செய்வார்? 1925இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில், இந்த முடிவு அநேகமாக உண்மையாக இராது என்று தம் கைப்படவே எழுதி வைத்தார். நான்கு ஆண்டுகள் சென்றன. 1929இல் அதே ரஸ்ஸல் வேறு வழியில் ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்து, அந்தப் பெண் சொன்னது சரியே என்று ஒப்புக்கொண்டு எழுதினார்.

இந்தச் செய்தியை நாம் சற்று விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரியவர் ஒருவர் மறுத்தார் என்பதற்காக, தாம் கண்ட உண்மையைத் தாமே அழித்து எழுத நேர்ந்த பெண்ணின் நிலை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வரலாம். பெரியோரை மதிக்க வேண்டும். ஆனால் கணக்குச் சரியாக இருக்கும்போது, அதை மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்க்கும்படி பணிவோடு கேட்கும் துணிவையும் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க வேண்டும்.

சரி, ஹைட்ரஜன் இவ்வளவு மிகுதியாக எங்கிருந்து வந்தது? 1927இல் பெல்ஜிய நாட்டு லெமெய்த்ரும், 1929இல் அமெரிக்காவின் ஹபிளும் பிரபஞ்சம் விரிந்து கொண்டே போகிறது என்பதை எடுத்துக் காட்டினர். விரிந்து கொண்டிருப்பது ஒரு காலத்தில் மிக நெருக்கமாகவும் மிகச் சூடாகவும் இருந்திருக்க வேண்டும் அல்லவா? 1948இல் ரால்ஃப் ஆல்ஃபரும் ஜார்ஜ் கேமோவும் அந்தத் தொடக்கச் சூட்டில் தனிமங்கள் எவ்வாறு பிறந்திருக்கும் என்று கணக்கிட்டனர்.

அந்தக் கணக்கை நாம் ஓர் ஏணியாக எண்ணிக் கொள்ளலாம். ஹைட்ரஜனின் அணுக்கரு எடை 1. அதுதான் முதல் படி. ஹீலியம் 4ஆவது படி. ஆக்சிஜன் 16ஆவது படி. ஏறிச் செல்லலாம் என்று பார்த்தால், இந்த ஏணியில் 5ஆவது படியும் 8ஆவது படியும் உடைந்து கிடக்கின்றன. அதாவது, அந்த எடையுள்ள அணுக்கரு எதுவும் நிலைத்து நிற்பதில்லை. பிறந்த கணத்திலேயே சிதைந்து விடுகிறது. ஹீலியத்தோடு ஹைட்ரஜன் ஒன்று சேர்ந்தால் 5; ஹீலியம் இரண்டு சேர்ந்தால் 8. இரண்டு வழியும் அடைபட்டுப் போயின. உடைந்த படியைத் தாண்டுவதற்குள் பிரபஞ்சம் விரிந்து ஆறிவிட்டது. முதல் 20 நிமிடங்களுக்குள் அந்த அடுப்பு அணைந்தே போயிற்று. எடையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஹைட்ரஜன், நான்கில் ஒரு பங்கு ஹீலியம், மிகச் சிறிதளவு லித்தியம். அவ்வளவுதான் மிஞ்சியது. நீருக்கு வேண்டிய ஆக்சிஜன் அங்கே பிறக்கவே இல்லை.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 1965ஆம் ஆண்டில் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் தங்கள் வானொலி ஏற்பியில் நீங்காத ஓர் இரைச்சலைக் கேட்டனர். எத்திசையில் திருப்பினாலும் அது ஒன்றுபோல் கேட்டது. தொடக்கச் சூட்டின் எச்சம் அது; இன்று ஏறத்தாழ மைனஸ் 270 டிகிரிக்கு ஆறிப்போயிருக்கிறது. பின்னர் செயற்கைக் கோள்கள் கொண்டு அதை நுணுக்கமாக அளந்து, பிரபஞ்சத்தின் வயது ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள் என்று கண்டனர். அந்த ஒளி புறப்பட்டபோது பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள். அதற்குப் பிறகு நெடுங்காலம் வானத்தில் விளக்கே இல்லை. ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டும் இருளில் பரவிக் கிடந்தன. நீரைப் பிறப்பிப்பது என்று பெயர் பெற்ற ஹைட்ரஜன் அப்போது இருந்தது. ஆனால் நீர் பிறக்கத் துணை இல்லை.

அந்தத் துணையைச் சமைத்துத் தந்தவை விண்மீன்கள். 1953ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் ஃபிரெட் ஹாயில், விண்மீனின் உள்வயிற்றில் உடைந்த படிகளைத் தாண்டும் வழி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்றார். அங்கே நெருக்கமும் மிகுதி, காலமும் ஏராளம். இரண்டு ஹீலியம் மோதிப் பிரிவதற்குள் மூன்றாவது ஹீலியம் ஓடிவந்து சேர்ந்து விடுகிறது. மூன்று நான்கு பன்னிரண்டு. அது கார்பன், நம் அடுப்புக் கரியின் மூலப்பொருள். அதோடு இன்னொரு ஹீலியம் சேர்ந்தால் பதினாறு; அதுவே ஆக்சிஜன். ஹாயில் சொன்னபடி கார்பனுக்கு ஒரு தனி இயல்பு உண்டு என்பதை அமெரிக்காவில் வில்லியம் ஃபௌலரின் குழுவினர் சோதனைச் சாலையில் மெய்ப்பித்தனர். 1957இல் மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், ஃபௌலர், ஹாயில் ஆகிய நால்வரும் தனிமங்கள் விண்மீன்களில் பிறக்கும் வரலாற்றை விரிவாக எழுதினர். ஃபௌலருக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. அதை அவரோடு பகிர்ந்து கொண்டவர், விண்மீன்களின் அமைப்பையும் வளர்ச்சியையும் ஆராய்ந்த நம் தமிழர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூரலாம்.

ஆகவே விடை ஏறக்குறைய தெளிவாகிறது. முதல் விண்மீன் தோன்றுவதற்கு முன்பு நீர் இல்லை, இருக்கவும் வழியில்லை. முதல் விண்மீன்கள், பிரபஞ்சம் பிறந்து ஏறத்தாழ 10 கோடி முதல் 20 கோடி ஆண்டுகளுக்குள் ஒளிரத் தொடங்கின என்று கணக்கிடுகிறார்கள். அவற்றில் பல நம் சூரியனைவிட மிகப் பெரியவை. பெருவயிறு படைத்தவன் சோற்றை விரைந்து தீர்ப்பது போல், அவை தம் எரிபொருளைச் சில பத்து இலட்சம் ஆண்டுகளிலேயே எரித்து முடித்து வெடித்துச் சிதறின. அந்த வெடிப்பில்தான் உள்ளே சமைத்த ஆக்சிஜன் வெளியே கொட்டியது. அங்கே அதற்காகக் காத்திருந்தது ஹைட்ரஜன்.

நீர் எப்போது பிறந்தது? 2025ஆம் ஆண்டில் டேனியல் வேலன் முதலிய அறிஞர்கள் இதைக் கணினியில் கணக்கிட்டு வெளியிட்டனர். சூரியனைப் போல் 13 மடங்கு எடையுள்ள ஒரு முதல் தலைமுறை விண்மீனும், 200 மடங்கு எடையுள்ள மற்றொன்றும் வெடித்தால் என்ன நேரும் என்று பார்த்தனர். வெடித்த சூட்டில் நீர் உடனே உருவாகவில்லை. சிதறிய வாயு ஆறி, அங்கங்கே அடர்ந்த கட்டிகளாகத் திரண்டபோது, அக்கட்டிகளின் உள்ளே நீர் மூலக்கூறுகள் மிகுதியாகத் தோன்றின. பிரபஞ்சத்தின் 10 கோடி முதல் 20 கோடி ஆண்டு வயதுக்குள்ளேயே நீர் பிறந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. இது கணக்கு, கண்ணால் கண்ட காட்சி அன்று. ஆயினும் அதே 2025இல், சிலி நாட்டிலுள்ள ஆல்மா வானொலித் தொலைநோக்கி, பிரபஞ்சத்திற்கு 30 கோடி ஆண்டுகூட நிரம்பாத காலத்திலிருந்த ஒரு விண்மீன் மண்டலத்தில் ஆக்சிஜன் இருப்பதைக் கண்டது. அவ்வளவு சீக்கிரத்திலேயே விண்மீன்கள் பிறந்து, சமைத்து, மடிந்து விட்டன என்பதற்கு அது சாட்சி.

விண்வெளியில் நீர் உண்டு என்பதை மனிதன் நேராகக் கண்டது, சந்திரனில் கால்வைத்த அதே 1969ஆம் ஆண்டில்தான். சார்லஸ் டவுன்ஸ் முதலியோர், நம் திருவாதிரை நட்சத்திரம் இருக்கும் ஓரியன் கூட்டத்தின் வாயு மேகத்திலிருந்தும் வேறு சில மேகங்களிலிருந்தும் நீராவியின் வானொலிக் குரலைக் கேட்டனர். 2011இல், ஏறத்தாழ 1,200 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு பொருளைச் சுற்றி, நம் கடல்களின் நீரைப்போல் 140 இலட்சம் கோடி மடங்கு நீராவி சூழ்ந்திருப்பதாக அறிவித்தார்கள். கடலைக் கடந்து இந்நாட்டுக்கு வந்த நம் முன்னோர் கண்ட நீர்ப்பரப்பு, அந்தக் கணக்கின் முன் ஒரு துளிக்கும் துளி.

இப்போது நாம் வாளிக்குத் திரும்புவோம். அந்த 9 கிலோ தண்ணீரில் 1 கிலோ ஹைட்ரஜன் இருக்கிறது என்றோம். அது எந்த விண்மீனும் ஒளிரும் முன்பே, பிரபஞ்சத்தின் முதல் நிமிடங்களில் பிறந்தது. அதற்கு வயது 1,380 கோடி ஆண்டுகள். மீதி 8 கிலோ ஆக்சிஜன், நம் சூரியன் பிறப்பதற்கு முன்பே மடிந்த விண்மீன்கள் விட்டுச் சென்ற சொத்து. ஆகவே பிள்ளை கேட்ட கேள்விக்கு நாம் இப்படிச் சொல்லலாம்: "கண்ணே, நட்சத்திரந்தான் அக்காள், தண்ணீர் தங்கை. ஆனால் தண்ணீருக்குள்ளே நட்சத்திரத்துக்கும் மூத்த பாட்டி ஒருத்தி இருக்கிறாள்."

தேலீஸ் சொன்னது தவறாயிற்றே என்று அவரை நாம் எள்ள வேண்டியதில்லை. உலகத்திற்கு ஒரு மூலம் உண்டு, அதை அறிவால் தேடிக் காணலாம் என்று முதலில் துணிந்தவர்களில் அவர் ஒருவர். அவர் கேட்ட கேள்வியைக் கேவண்டிஷ் திருத்தினார், லவாசியே தெளிவாக்கினார், சாகாவின் கணக்கைக் கொண்டு பெய்ன் பெருக்கினார், ஹாயில் ஏணியில் ஏறிக் காட்டினார். எவரும் தனியே முழு விடையையும் காணவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொட்டார். ஒருவர் வாளியை வாங்கி அடுத்தவர் கையில் கொடுக்க, தண்ணீர் கடைசி வீடு வரையில் வந்து சேர்வதைப் போல, அறிவும் அப்படியே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதை நாம் நம் பிள்ளைகளின் கையில் சிந்தாமல் கொடுக்க வேண்டும்.

இன்று தோட்டத்திலேயே இருப்பவர்களும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குச் சென்று விட்டவர்களும் ஒன்று செய்யலாம். இன்றிரவு மழை இல்லையென்றால், பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று வானத்தைக் காட்டுங்கள். ஆளுக்கு ஒரு குவளைத் தண்ணீரும் கொடுங்கள். மேலே மின்னுவதற்கும் கையில் குளிர்வதற்கும் உள்ள உறவைச் சொல்லுங்கள். அவர்கள் மேலும் கேள்வி கேட்டால், வேலையைப் பார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.